நங்கூரத்தில் நிற்கும் படகில் வேலை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகில் பெரிய பழுதுபார்க்கும் வேலைகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், படகைக் கரையேற்றி நிதானமாகச் செய்யலாம். நடுவில் ஏதாவது கெட்டுப்போனால் அந்த வசதி கிடையாது. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரத்தில்தான் நிற்கும். அங்கேயே, பக்கத்துப் படகு ஆட்களைக் கூப்பிட்டுத்தான் சரிசெய்தாக வேண்டும். புதிதாகப் படகு எடுத்த தம்பிகள் எங்கள் காலத்துத் தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். கயிறு சரியாகக் கட்டு, டயரைத் தொங்கவிடு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சொட்டே விழாதபடி கிளாண்டை முறுக்குவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைக்கிற தவறு இதுதான். விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகிற இடத்தில் கடல் தண்ணீரைத் தடுப்பது, அங்கே நட்டால் இறுக்கும் கிளாண்ட் என்ற மூடிக்குள் இருக்கும் பேக்கிங் கயிறு. ஷாஃப்ட் சுற்றும்போது அந்தக் கயிற்றுக்குக் குளிர்ச்சி தருவது கசிகிற தண்ணீர். அதனால் எஞ்சின் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழத்தான் வேண்டும். முழுக்கக் காய்ந்துபோனால் கயிறு சூடேறி, இறுகி, ஷாஃப்டையே அரிக்க ஆரம்பிக்கும்.

ஓர் ஐப்பசி மாதம் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற படகில் எஞ்சின் ரூமில் தண்ணீர் ஏறியது. இளம் டிரைவர் குரல் கொடுத்ததும் மூன்று படகிலிருந்து ஆள் போனார்கள். எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள். முதலில் போனவர் நட்டை ஒரு முறுக்கு முறுக்கினார். அடுத்தவர், "இன்னும் கசியுதே" என்று இன்னொன்று. மூன்றாமவர் வந்து மிச்சத்தையும் முறுக்கினார். சொட்டு நின்றது. டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் தொழிலுக்குப் போன இடத்தில் எஞ்சின் திணறியது, கருகல் வாடை வந்தது. திரும்பி வந்து கழற்றிப் பார்த்தால் ஷாஃப்டில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். புது பேக்கிங் போட்டும் ஒழுகல் நிற்கவில்லை. கடைசியில் படகைக் கரையேற்றி, ஷாஃப்டை உருவி, வேறு ஷாஃப்ட் போட வேண்டியதாயிற்று. ஒரு கயிற்றை மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை. அந்த டிரைவருக்குக் கடன்தான் மிஞ்சியது.

முன்னால் வந்தவர் எவ்வளவு முறுக்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை பேர் உதவிக்கு வந்தாலும் ஸ்பேனர் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் விளக்குப் பிடிக்கட்டும், பம்பைப் பார்க்கட்டும்.

செய்யும் முறை இது. நட்டைக் கால் முறுக்குக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். இரண்டு போல்ட் உள்ள கிளாண்ட் என்றால் இரண்டையும் சமமாகத் திருப்புங்கள். கோணிக்கொண்டால் அந்தப் பக்கம் ஷாஃப்டில் உரசும். எஞ்சினைக் கியரில் போட்டு ஓடவிட்டுக் கிளாண்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே தளர்த்துங்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். புதுக் கயிறு ஓடி ஓடித்தான் அமரும். நட்டு தளராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

பேக்கிங்கையே மாற்றுவதானால் பழைய கயிறு துளிகூட உள்ளே இருக்கக் கூடாது. புதுக் கயிற்றைச் சுருளாகச் சுற்றித் திணிக்காமல் தனித்தனி வளையமாக வெட்டி, வெட்டு வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி வையுங்கள். பழைய கயிற்றை எடுக்கும் முன்பே ஒருவர் கடலில் இறங்கி, ஷாஃப்ட் வெளியே வரும் வாயில் கிரீஸ் தடவிய துணியை இறுக்கி அடைத்துவிட வேண்டும். வேலை முடிந்து எஞ்சினைத் தொடும் முன்னால் அந்தத் துணி மேலே வந்ததா என்று கண்ணால் பாருங்கள்.

அடியில் ஆள் இருக்கும்போது சாவி மேலே இருப்பது

சாவி இறங்குகிறவர் இடுப்பில். பேட்டரி வயர் கழற்றப்பட்டிருக்க வேண்டும். பேச்சே இல்லை.

மதியம் வேலையைத் தொடங்குவது

காற்று ஏறுவது பெரும்பாலும் அப்போதுதான். காலையிலேயே தொடங்குங்கள். வாடைக் காலத்தில் தீவின் வடக்குப் பக்கம் அலை அடிக்கும்; தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கியிருக்கும். படகு நகரும் நிலையில் இருந்தால் முதலில் அங்கே கொண்டுபோங்கள்.

உதவிப் படகை அணைத்துக் கட்டியே வைத்திருப்பது

ஆளையும் சாமானையும் ஏற்றியதும் அவிழ்த்து விடுங்கள். அலை எழும்பினால் இரண்டு படகும் ஒன்றோடொன்று மோதும், இரண்டின் பாரத்தையும் ஒரே நங்கூரம் தாங்க வேண்டி வரும்.

ஃபைபர் ஒட்டும்போது ஹார்டனரையும் கோபால்ட்டையும் நேராகக் கலப்பது

வெடிக்கும். ரெசின்தான் ஒட்டும் பசை; ஹார்டனர் அதை இறுகவைக்கும், கோபால்ட் அதை வேகப்படுத்தும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். உதவிக்கு வந்தவர் ஆர்வத்தில் இரண்டு பாட்டிலையும் ஒரே டப்பாவில் ஊற்றிவிடுவார், அதனால் இரண்டையும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

வாங்கியதைத் திருப்பாமல் விடுவது

பக்கத்துப் படகில் வாங்கிய பேக்கிங் கயிறு அவர்கள் அவசரத்துக்கு வைத்திருந்தது. அடுத்த முறை கரைக்குப் போனதும் அதே அளவில் வாங்கிக் கொடுங்கள்.