கோழிக்கறி, கேரட், காகம்: மலையில் நாம் செய்யும் சில தவறுகள்

"அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டு உடம்பு அதற்குப் பழகிவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இந்தத் தவறான எண்ணம்தான் வேறு பல தவறுகளுக்கு வேர். மருந்தை எதிர்க்கக் கற்பது நம் உடம்பு அன்று, பாக்டீரியா. அந்தத் திறனுக்குரிய மரபணுக்களில் பல, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, சில வேளைகளில் இனம் விட்டு இனத்துக்கும், தாவிச் செல்கின்றன. ஆகவே ஒரு மாத்திரைகூட விழுங்காத குழந்தையின் குடலுக்கும், மருந்தையே அறியாத காட்டுப்பறவையின் குடலுக்கும் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா உணவு வழியாகவும் நீர் வழியாகவும் வந்து சேரலாம். ஆனால் கோழிக்கறி போன்ற உணவு வழியே வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா மருந்துக்கு அடங்காததாக இருந்தாலும், சமையல் சூட்டுக்கு மற்றதைப் போலவே அடங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

சூடு என்றதும் மலையில் ஒரு குழப்பம் எழும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. இதனால் கிருமி சாகாது என்று அஞ்சுவது தவறு. நோய்க்கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடு போதும். ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் குடிநீரைத் தளதளவென்று 3 நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். கறி வேகவும் சமவெளியைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், குழம்பு கொதித்ததும் கோழி வெந்துவிட்டதாகக் கருதி இறக்குவது ஆபத்து. தொடைக்கறியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். பிரஷர் குக்கர் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது.

வேகவைப்பதற்கு முன்பே நடக்கும் தவறுதான் பெரிது. கறியைக் குழாயடியில் மஞ்சள் போட்டுத் தேய்த்துக் கழுவுவது நம் வீடுகளில் மாறாத வழக்கம். அதனால் கிருமி போவதில்லை. தெறிக்கும் துளிகளோடு தொட்டிக்கும், பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக்கும், தட்டுகளுக்கும் பரவுகிறது. கழுவாமல் சமைப்பதே பாதுகாப்பு. மனம் ஒப்பவில்லை என்றால், குழாயைத் திறந்துவிடாமல் ஒரு பாத்திரத்து நீரில் மெதுவாக அலசிவிட்டு, பிறகு தொட்டியையும் கைகளையும் சோப்பு போட்டுக் கழுவலாம். கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குவது இதைவிட மோசம். நாட்டுக்கோழி என்பதாலோ, ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது என்று உறையில் அச்சிட்டிருப்பதாலோ கிருமியே இராது என்று நம்புவதற்கும் இடமில்லை. மருந்தின் எச்சம் இல்லாதிருப்பது வேறு, பாக்டீரியா இல்லாதிருப்பது வேறு.

"இந்தக் குளிரில் எதுவும் கெடாது" என்று ராத்திரிக் குழம்பை அடுப்பு மேலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. உணவுக் கிருமிகள் பெருகும் எல்லை சுமார் 5 முதல் 60 டிகிரி வரை. ஜனவரி உறைபனிக் காலத்திலும் சமையலறையின் உட்புறம் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. வெளியே வைத்த சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு நச்சு, மறுபடி சுடவைத்தாலும் அழிவதில்லை.

சாலையோரத்தில் தழையோடு கட்டி விற்கும் கேரட்டை வாங்கிய இடத்திலேயே கடிக்காத சுற்றுலாப் பயணி குறைவு. மண் போய்ப் பளபளப்பது சுத்தத்துக்குச் சான்றாகாது. கழுவிய நீரில் சாக்கடை கலந்திருந்தால் கழுவாமல் இருந்ததே மேல் என்றாகிவிடும். நல்ல நீரில் கழுவித் தோல் சீவிய பிறகு தின்னலாம். தோட்டக்காரர்கள் பச்சைக் கோழி எருவை அப்படியே பாத்திக்கு இடுவதும் தவிர்க்க வேண்டியதே. குவியலின் உட்சூடு பல நாட்கள் 55 டிகிரிக்கு மேல் நிற்கும்படி கிளறி மட்கவைத்தால் நோய்க்கிருமிகள் பெருமளவு அழியும்.

வயிற்றுப்போக்கு வந்ததும் மருந்துக்கடையில் பெயர் சொல்லி ஆன்டிபயாடிக் கேட்பதையும் விட்டுவிட வேண்டும். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்குத் தேவை ஓ.ஆர்.எஸ். கரைசல், குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாகம். சாதாரண சால்மோனெல்லா தொற்றில் ஆன்டிபயாடிக் கொடுப்பது, மலத்தில் அக்கிருமி வெளியேறும் காலத்தை நீட்டிக்கவும் கூடும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், நீர்ச்சத்து இழப்பு ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக்கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது என்று பொருள். 2016 முதல் அரசு இதை விளம்பரப்படுத்தி வருகிறது. பண்ணைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு: கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

பறவைகள் மீது பழி போடுவது எளிது. உலகின் பல பகுதிகளில் காகங்களிடமும் கடற்காக்கைகளிடமும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா கண்டறியப்பட்டிருப்பது உண்மை. எனினும் பெரும்பாலும் அவை அதைப் பெறுவது நம் குப்பைமேட்டிலும் சாக்கடையிலும்தான். பெற்றதை எச்சத்தின் வழியே வேறிடம் கொண்டு சேர்க்கின்றன. எனவே கோழிக் குடலையும் இறகையும் சோலை ஓரச் சரிவில் கொட்டாமல் ஆழப் புதைக்க வேண்டும். கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்க வேண்டும். பிரிட்டனில் வாசலில் வைத்த பால் புட்டிகளின் மூடியைக் காக இனப் பறவைகள் கொத்தியதால், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் காம்பிலோபாக்டர் என்னும் பாக்டீரியாவின் தொற்று பரவியதுண்டு. விடியற்காலையில் கடை வாசலில் காத்திருக்கும் பால் பாக்கெட்டுகளை நம் காகங்களும் விட்டுவைப்பதில்லை. கொத்திக் கிழிந்த பாக்கெட்டை வாங்க வேண்டாம்.