பழைய வீடியோ கசெட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி: அக்காவின் கூறைச்சேலை கறுப்பாகிப்போன கதையோடு

களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பதினொரு வீடியோ கசெட்டுகள் கிடந்தன. 1996இல் நடந்த அக்காவின் கலியாணம், இரண்டு சாமத்தியச் சடங்குகள், கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்கு, மாமா அருச்சுனனாக வேடம் கட்டி ஆடிய வடமோடிக் கூத்து, யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு பிறந்தநாள். எல்லாவற்றையும் மடிக்கணினிக்கு மாற்றி முடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதில் இரண்டு வாரம் ஒரே ஓர் அமைப்பைத் தவறாக வைத்திருந்ததால் வீணானது. அந்த இரண்டு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

வேண்டியவை: ஓடுகிற டெக் (வீடியோ கசெட்டை ஓட்டும் பெட்டி) ஒன்று, மஞ்சள் சிவப்பு வெள்ளை முனைகள் கொண்ட வயர், அந்த வயரைக் கணினியின் யூஎஸ்பியில் சேர்க்கும் சிறு கருவி, வன்தட்டில் தாராளமான இடம். வயரை எதில் எதைச் செருகுவது என்று நான் விளக்கப்போவதில்லை. நிறத்துக்கு நிறம், அவ்வளவுதான்.

முதலில் டெக். இனிப் புதிதாக வாங்க முடியாது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆனால் நம் பக்கத்தில் தேடினால் கிடைக்கும். சவூதிக்கும் குவைத்துக்கும் போய்வந்தவர்கள் கொண்டுவந்த டெக்குகள் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே துணி போர்த்தியபடி இருக்கின்றன. அப்படிக் கொண்டுவந்தவற்றில் பல, வெவ்வேறு நாட்டுத் தொலைக்காட்சி முறைகளில் பதிந்த கசெட்டுகளையும் ஓட்டக்கூடியவை. இரண்டு டெக் கிடைத்தால் அந்த வகையை எடுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

எனக்குக் கிடைத்தது செட்டிபாளையத்தில், மாமி வீட்டில். கசெட்டை விழுங்கியது, திருப்பித் தர மறுத்தது. கல்முனையில் பழைய டெக்குகளைப் பழுதுபார்க்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் கொண்டுபோனேன். உள்ளேயிருந்த ரப்பர் பெல்ட் பாகுபோல் இளகியிருந்தது. அதை மாற்றிய கையோடு, தலையைத் துடைப்பது எப்படி என்றும் காட்டித் தந்தார்.

“தம்பி, காது குடையும் குச்சியால் மட்டும் இதைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் திரும்ப என்னிடம் வராதீர்கள்.”

தலை என்பது உள்ளே சற்றுச் சாய்வாக இருக்கும் பளபளப்பான உருளை. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) என்ற முறையில் அது நொடிக்கு 25 சுற்றுச் சுற்றும். அதன் விளிம்பில், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்ணிய முனைகள்தான் படத்தைப் படிக்கின்றன. பஞ்சின் நூலிழை அவற்றில் சிக்கினால் முனை உடைந்துவிடும். மின்சார வயரைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் தாளின் ஒரு துண்டை ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்து, உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் உருளையின் மேற்பகுதியை மெல்லத் திருப்புங்கள். உருளைதான் சுற்ற வேண்டும், தாள் நகரக் கூடாது. மேலும் கீழுமாகத் தேய்ப்பது அறவே ஆகாது. முதல் தாளில் எனக்கு மண்ணிறக் கோடு ஒன்று விழுந்தது. நான்காவது தாள் வெள்ளையாகவே வந்தது. பிறகு கால் மணி நேரம் காயவிடுங்கள்.

அடுத்து கசெட். டெக்கில் போடுமுன் இரண்டு காரியம். கசெட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதைத் திருப்புளியால் நெம்பி உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக் பதிவுசெய்யாது. ரிமோட்டில் தவறான பொத்தானை அழுத்திக் கலியாணத்தின் மேல் வெறுமையைப் பதியும் ஆபத்து ஒழிந்தது. இரண்டாவது, கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடியோ வெண்புள்ளிகளோ தெரிந்தால் பூஞ்சணம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருந்து, வருடா வருடம் மாரி மழையை வாங்கும் நமக்கு இது அபூர்வம் அல்ல. அந்தக் கசெட்டை ஓட்டினால் பூஞ்சணம் தலையில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும்.

என் அம்மா அப்படிப்பட்ட இரண்டு கசெட்டுகளை முற்றத்தில் மிளகாயோடு பாயில் பரப்பிக் காயவைத்துவிட்டார். நல்லவேளையாகப் பத்து நிமிடத்தில் கண்டேன். வெயில் பிளாஸ்டிக்கை நெளித்துவிடும், நாடாவையும் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள். பூஞ்சணம் காய்ந்து உதிரும் நிலைக்கு வரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு துடையுங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல்நீர் புகுந்த கசெட் உங்களிடம் இருந்தால் அதை இந்த முறையில் முயலவே வேண்டாம். உப்பும் மணலும் தலையைக் கீறிவிடும், நாடாவும் அறுந்துபோகும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பல வருடம் ஓடாத நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஆகவே எடுத்த எடுப்பில் ஓட்டாமல், கடைசிவரை முன்னே சுற்றி, பிறகு பின்னே சுற்றுங்கள்.

யூஎஸ்பிக் கருவியைப் பற்றி என் அபிப்பிராயம்: ஈஸிகேப் என்ற பெயரில் விற்கப்படும் மலிவான வகையே வீட்டுக் கசெட்டுகளுக்குப் போதும். அதோடு வரும் குறுந்தட்டைத் தூக்கிப் போடுங்கள். அதிலுள்ள மென்பொருளால் எனக்குத் தலையிடியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. மஞ்சள் வயரை எச்டிஎம்ஐ ஆக்கித் தருவதாகச் சொல்லும் சிறு பெட்டியை வாங்காதீர்கள். நான் பார்த்தவை படத்தை அகலமாக இழுத்து எல்லோரையும் குண்டாக்கிவிட்டு, அதற்குத் துல்லியம் என்று பெயர் சூட்டுகின்றன. மென்பொருளுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ. இலவசம்.

ஓபிஎஸ்ஸில் வீடியோ கேப்சர் டிவைஸ் என்ற மூலத்தைச் சேர்த்து உங்கள் கருவியைத் தெரிவுசெய்யுங்கள். டெக்கை ஓட்டுங்கள். இங்கேதான் நான் விழுந்தேன்.

படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தது. மணவறையில் அக்கா குனிந்து நிற்கிறார். அரக்குச் சிவப்புக் கூறை கரிய சேலையாகத் தெரிகிறது. படம் சிலவேளை கீழிருந்து மேலே உருண்டது. பக்கத்தில் இருந்து பார்த்த அம்மா, “சாயம் போய்விட்டதா?” என்று கேட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டதே, நாடாவில் வண்ணம் அழிந்திருக்கும் என்று நானும் பெரிய நிபுணன் போலச் சொல்லிவிட்டேன். அப்படியே நான்கு கசெட்டுகளைக் கறுப்பு வெள்ளையிலேயே பதிந்தும் முடித்தேன். பிறகு ஒரு நாள் தற்செயலாக டெக்கை நேரே தொலைக்காட்சியில் மாட்டினேன். கூறை செக்கச் சிவப்பு.

நாடாவில் ஒரு குறையும் இல்லை. இலங்கைத் தொலைக்காட்சி பால் முறையைச் சேர்ந்தது: 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி: 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். வண்ணத்தை ஒளித்து அனுப்பும் விதம் இரண்டிலும் வேறு. என் கருவி என்டிஎஸ்சி முறையை எதிர்பார்த்துக் காத்திருந்தது, வந்ததோ பால். கறுப்பு வெள்ளையை மட்டும் புரிந்துகொண்டு வண்ணத்தைக் கைவிட்டுவிட்டது.

சரிசெய்வது இப்படி. அந்த மூலத்தின் புரோப்பர்ட்டீஸ் சாளரத்தைத் திறந்து கன்ஃபிகர் வீடியோ என்ற பொத்தானை அழுத்துங்கள். வீடியோ டிகோடர் என்ற தாவலில் வீடியோ ஸ்டாண்டர்ட் என்றொரு பட்டியல் இருக்கும். அதில் என்டிஎஸ்சி எம் என்று இருப்பதை மாற்றி பால் பி என்பதைத் தெரிவுசெய்யுங்கள். எனக்கு அந்தப் பட்டியல் மங்கலாக, தொட முடியாமல் இருந்தது. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றவிடாது என்பது புரிய ஒரு மாலை போயிற்று. முதலில் டிஆக்டிவேட் பொத்தானை அழுத்தி, பிறகு பட்டியலைத் திறக்க, மாறியது. இன்னொன்று: கருவியை வேறு யூஎஸ்பித் துளையில் செருகினால் அமைப்பு பழையபடி என்டிஎஸ்சிக்குப் போய்விடுகிறது. என் மடிக்கணினியில் இடப்பக்கத் துளைக்குக் கீழே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன்.

படமே வராமல் கறுப்புத் திரை மட்டும் வந்தால், பக்கத்திலுள்ள கன்ஃபிகர் கிராஸ்பார் பொத்தானில் கொம்போசிட் (மஞ்சள் வயர்) தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

புரோப்பர்ட்டீஸ் சாளரத்தில் அளவை 720க்கு 576 என்றும், வேகத்தை 25 என்றும் வையுங்கள். ஓபிஎஸ்ஸின் பொது வீடியோ அமைப்பில் திரையளவு 768க்கு 576, வேகம் 50. படத்தை அந்தத் திரை முழுவதும் நிரப்பினால் முகங்கள் சரியான வடிவில் இருக்கும். வேகம் ஏன் 50? பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரண்டு பாதியாக வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டது. கணினித் திரையில் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல்போலத் தெரிவது அதனால்தான். மூலத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து, டிஇன்டர்லேசிங் என்பதில் யாடிஃப் 2எக்ஸ் எடுங்கள். 50 அசைவும் அப்படியே கிடைக்கும். அங்கேயே மேல்பாதி முதலா கீழ்பாதி முதலா என்றொரு தெரிவு உண்டு. பெரும்பாலும் மேல்பாதி. தவறாக இருந்தால் வேகமான அசைவில் தெரியும்: என் மாமாவின் சலங்கைக் கால்கள் ஒரு அடி முன்னே வைத்து அரை அடி பின்னே இழுபட்டன. தெரிவை மாற்றியதும் தாளத்துக்கு வந்தன.

ஒலி வராவிட்டால் வயரைத் திட்டாதீர்கள். கருவியின் ஒலியை விண்டோஸ் ஒரு மைக்ரோஃபோனாகவே கருதுகிறது. தனியுரிமை அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி மூடியிருந்தால் அமைதிதான். அதைத் திறந்துவிட்டு, ஓபிஎஸ்ஸில் அந்த ஒலிமூலத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள். எம்பி4 வடிவில் பதியும்போது நடுவில் மின்சாரம் போனால் கோப்பு முழுவதும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். முடிந்தபின் ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். மடிக்கணினி தூங்கிவிடாதபடி அமைப்பதையும் மறக்க வேண்டாம். என்னுடையது தாலி கட்டுவதற்குச் சற்று முன் தூங்கியது. வேகமாக எடுக்க வழியில்லை. ஈ-180 கசெட் மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். மெதுவேகத்தில் பதிந்திருந்தால் ஆறு. டூல்ஸ் பட்டியலில் உள்ள அவுட்புட் டைமரை வைத்துவிட்டு வயலுக்குப் போய்வரலாம், நான் போனேன்.

கோப்பைப் பென்ட்ரைவில் போடப்போனால் இடம் இருந்தும் இடமில்லை என்று சொல்லக்கூடும். பென்ட்ரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றுங்கள். முதலில் உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். இரண்டு வன்தட்டுகளில் பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று என்னிடம், மற்றது மாமி வீட்டில். கசெட்டுகளை எறியவில்லை.

பிற்சேர்க்கை 1: படத்தில் சாய்வான கோடுகள் ஊர்வதாகவும் ஒலியில் இரைச்சல் இருப்பதாகவும் இருவர் எழுதியிருந்தார்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இருவருக்கும் அத்தோடு போய்விட்டது. மூன்று மணி நேரம் பேட்டரி தாங்காவிட்டால் கசெட்டைத் துண்டு துண்டாகப் பதியுங்கள்.

பிற்சேர்க்கை 2: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், எல்லாக் கசெட்டும் வண்ணத்தில் வருகின்றன, ரொறன்ரோவிலிருந்து தம்பி அனுப்பிய கலியாணக் கசெட் மட்டும் கறுப்பு வெள்ளை என்கிறார். அது கனடாவில் பதிந்தது, என்டிஎஸ்சி. பால் மட்டும் ஓட்டும் டெக்கில் அது சரிவராது. வளைகுடாவிலிருந்து வந்த, பல முறைகளையும் ஓட்டும் டெக் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். அத்தகைய டெக்குகளில் பல, என்டிஎஸ்சி கசெட்டைப் பால் வண்ணம் கலந்த ஒரு இடைவடிவில் வெளியே விடும். ஆகவே வீடியோ ஸ்டாண்டர்ட் பட்டியலில் முதலில் பால் 60, அது சரிவராவிட்டால் என்டிஎஸ்சி 433, கடைசியாக என்டிஎஸ்சி எம் என்று ஒவ்வொன்றாக முயலுங்கள். அளவு 720க்கு 480. லண்டன், சுவிஸ், ஜெர்மனிக் கசெட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை பால். பிரான்சில் செக்காம் முறையில் பதிந்தது என்றால் நம் டெக்கில் கறுப்பு வெள்ளைதான். அவருக்கு பால் 60இல் வண்ணம் வந்துவிட்டது.

பிற்சேர்க்கை 3: ஹேண்டிகேமின் சிறு கசெட்டை டெக்கில் போட உறை கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். விஎச்எஸ்-சி என்று எழுதியிருந்தால் கிடைக்கும். 8 மில்லிமீற்றர் கசெட் என்றால் அப்படி ஒரு உறை உலகத்திலேயே இல்லை. அந்தக் கமராவையே தேடிப் பிடித்து மஞ்சள் வயரில் மாட்ட வேண்டும்.