டால்டனின் இரண்டு பாண்ட் படங்களையும் எப்படிப் பார்க்க வேண்டும்

ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் டிமதி டால்டன் பெயர் கடைசியில்தான் வரும். "ரொம்ப சீரியஸ், சிரிக்கவே தெரியாது, இரண்டே படத்தில் அனுப்பிவிட்டார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் எடிட்டிங்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். அந்த வேலையில் ஒரு பழக்கம் தானாகவே ஒட்டிக்கொள்ளும்: நடிகர் டயலாக்கை எப்படிப் பேசுகிறார் என்பதைவிட, பேசி முடித்த பிறகு முகத்தில் என்ன நடக்கிறது என்றுதான் கண் தேடும். ஷாட்டை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும் இடம் அது. பலருக்குக் கடைசிச் சொல்லோடு நடிப்பும் நின்றுவிடும். டால்டனுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். இது தெரிந்த பிறகு அந்த இரண்டு படங்களும் எனக்கு வேறு படங்களாகிவிட்டன. நான் பார்க்கும் முறையை அப்படியே சொல்கிறேன்.

முதலில், ரோஜர் மூர் படம் ஒன்றைப் பார்த்த கையோடு டால்டனுக்குத் தாவாதீர்கள். நான் செய்த தப்பு அது. மூர் 1973இலிருந்து 1985 வரை 7 படங்களில் நடித்தவர். ஆபத்தை ஒரு புருவ அசைவில் தள்ளிவிடுவது அவர் பாணி, அதை அவர் அருமையாகச் செய்தார். அந்தக் கண்ணோடு போனால் டால்டன் ஏதோ கோபத்தில் இருப்பது போலவே தெரியும். நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

அந்த வாரத்தில் இயான் ஃபிளெமிங் எழுதிய ‘த லிவிங் டேலைட்ஸ்’ சிறுகதையைப் படித்துவிடுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். பெர்லினில் எல்லை தாண்டி ஓடிவரப் போகும் ஒரு ஆளைக் காப்பாற்ற, எதிர்ப்பக்கத்து ஸ்னைப்பரைக் கொல்ல வேண்டும் என்பது பாண்டுக்கு உத்தரவு. அந்த ஸ்னைப்பர், செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) வாசிக்கும் ஒரு பெண். பாண்ட் அவளைக் கொல்வதில்லை. இதற்காக வேலை போனால் போகட்டும் என்கிற சலிப்போடு கதை முடிகிறது. இந்த வேலையை வெறுத்துக்கொண்டே செய்யும் ஒருவன்தான் ஃபிளெமிங்கின் பாண்ட். டால்டன் ஷேக்ஸ்பியர் நாடக மேடையிலிருந்து வந்தவர். பாத்திரம் கைக்கு வந்ததும் மூலத்தைத் தேடிப்போய் அந்த நாவல்களைத் திரும்பப் படித்தார். அவர் யாரை நடிக்க முயன்றார் என்று தெரியாமல் நன்றாக நடித்தாரா என்று சொல்ல முடியாது.

இனி 1987இல் வந்த ‘த லிவிங் டேலைட்ஸ்’ படம். ஜிப்ரால்டரில் நடக்கும் ஆரம்பக் காட்சியில் அவர் முகம் முதன்முதலாக எப்போது தெரிகிறது என்று பாருங்கள். சக உளவாளி ஒருவன் பாறையிலிருந்து விழுந்து அலறுகிறான். அந்த அலறல் கேட்டுத் திரும்பும் முகம்தான் நமக்கு அறிமுகமாகும் புது பாண்ட். பெயர் சொல்லி அறிமுகமாவதெல்லாம் பிறகுதான். ஒரு சாவுக்கு அதிரும் முகமாகவே அவர் உள்ளே வருகிறார்.

அடுத்து பிராட்டிஸ்லாவா காட்சி. சிறுகதை அப்படியே இடம் மாறி இங்கே வந்திருக்கிறது. இதை இரண்டு தடவை பாருங்கள், இரண்டாவது தடவை சத்தமில்லாமல். கச்சேரிக்குப் போட்டுவந்த கோட்டின் மடிப்புகளை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே ஒட்டி, வெள்ளைச் சட்டையை மறைக்கிறார். பாண்ட் என்றாலே நினைவுக்கு வரும் அந்த உடை, இரண்டு கையசைவில் கொலைத்தொழிலுக்கான கறுப்பு உடுப்பாகிவிடுகிறது. அதில் அலட்டல் கிடையாது. கடை திறக்கும் ஆள் ஷட்டரைத் தூக்குவது போலச் செய்கிறார். பிறகு துப்பாக்கியில் கண் வைக்கிறார், அந்தப் பெண்ணைப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் சக உளவாளி சாண்டர்ஸ் அவசரப்படுத்துகிறார். சுடுவதற்கு முன் வரும் அந்தச் சின்னத் தாமதம்தான் இந்த நடிப்பின் உயிர். சத்தம் இல்லாவிட்டால் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான காட்சி வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் வருகிறது. ராட்டினத்தில் அந்தச் செல்லோப் பெண் காராவோடு கொஞ்சிவிட்டு, சாண்டர்ஸைச் சந்திக்க பாண்ட் காபிக் கடைக்குள் வருகிறார். அதுவரை இருவருக்கும் ஆகாது. இங்கேதான் முதன்முதலாக ஒரு மரியாதை பிறக்கிறது. சாண்டர்ஸ் எழுந்து போகிறார், வாசலின் தானியங்கிக் கதவு வெடித்து நகர்ந்து அவரை நசுக்கிவிடுகிறது. ஒரு பலூன் மிதந்து வருகிறது. ‘உளவாளிகளுக்குச் சாவு’ என்று அதில் ரஷ்ய மொழியில் எழுதியிருக்கிறது. டால்டன் அதைப் பிடிக்கிறார், அது அவர் கையிலேயே வெடிக்கிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி முகத்தைப் பாருங்கள். அதில் துக்கமும் ஆத்திரமும் இருக்கின்றன, தன் மேலேயே ஒரு வெறுப்பும் இருக்கிறது. வெளியே ஓடி, பலூன்கள் தெரியும் பக்கம் துப்பாக்கியை நீட்டுகிறார். அங்கே நிற்பது ஒரு தாயும் குழந்தையும். காராவிடம் திரும்பி வரும்போது குரலே மாறிவிட்டது. சற்று முன் முத்தமிட்டவன் இவன்தானா என்று அவளுக்கே புரியவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் ஒரு மனிதன் கெட்டிப்பட்டுப் போவதை நடிகர் காட்டுகிறார், வசனம் ஏறக்குறைய இல்லாமலே. பாண்ட் படங்களில் இதற்கு இணையான இரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

குறைகளையும் மறைக்க வேண்டாம். சண்டை முடிந்ததும் உதிர்க்கும் நக்கல் வரிகள் அவர் வாயில் ஒட்டுவதில்லை. ஆனால் கதையின் வேலை தொடங்கியபோது நாயகன் யார் என்றே முடிவாகவில்லை. முதலில் தேர்வான பியர்ஸ் பிராஸ்னன் தன் தொலைக்காட்சித் தொடரை விட்டு வர முடியாமல் போனதால்தான் டால்டன் வந்தார். இயக்குநர் ஜான் க்ளென் அதற்கு முன் மூரை வைத்து மூன்று படம் எடுத்தவர். எனவே சில இடங்களில் பழைய சட்டையைப் புது ஆளுக்கு மாட்டியது போல இருக்கும். மொராக்கோவின் டாஞ்சியர் நகரத்தில் நடக்கும் துரத்தலில் பறக்கும் கம்பளம் போல ஒரு வேடிக்கைகூட எடுத்து, பிறகு வெட்டிவிட்டார்கள். வெட்டியது சரிதான். செல்லோப் பெட்டியில் பனிச்சரிவில் சறுக்கும் காட்சியில் மட்டும் வேடிக்கை நன்றாகப் பொருந்துகிறது. அங்கே அவர் தமாஷ் பண்ண முயலவில்லை, தப்பிக்க முயல்கிறார்.

‘லைசென்ஸ் டு கில்’ படத்தை அன்றே பார்க்காமல் மறுநாள் பாருங்கள். 1989இல் வந்தது. பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் பெற்ற முதல் பாண்ட் படம் இது. அதற்கே சில வெட்டுகள் வேண்டியிருந்தன. அந்தக் கோடையில் அமெரிக்காவில் ‘பேட்மேன்’, இண்டியானா ஜோன்ஸின் மூன்றாவது படம், ‘லீத்தல் வெப்பன் 2’ எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நெரிசலில் வசூல் அடிவாங்கியது. நடிப்பின் தரத்தை வசூல் கணக்கோடு கட்டுவது நியாயமில்லை.

இதில் ஆரம்பத்தில் வரும் கல்யாண வீட்டைத் தவறவிடாதீர்கள். நண்பன் ஃபெலிக்ஸ் லைட்டரின் புது மனைவி டெல்லா, தொடையில் கட்டியிருந்த தன் கார்ட்டர் பட்டையை பாண்டை நோக்கி வீசி, அடுத்தது உங்கள் கல்யாணம்தான் என்று விளையாடுகிறாள். டால்டன் புன்னகைக்கிறார், அந்தப் புன்னகை பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவர் போன பிறகு ஃபெலிக்ஸ் மனைவியிடம் சொல்கிறார், அவனுக்கும் ஒருமுறை கல்யாணம் ஆகியிருந்தது, ரொம்ப நாளைக்கு முன் என்று. 1969இல் வந்த படத்தில் வேறொரு நடிகரின் பாண்ட் இழந்த மனைவியைத்தான் சொல்கிறார். 20 வருடத்துப் பழைய காயத்தை டால்டன் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டார். அன்றிரவே டெல்லா கொல்லப்பட்டு, ஃபெலிக்ஸைச் சுறாவிடம் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் பழிவாங்கலுக்கு அந்தப் பாதிப் புன்னகைதான் அஸ்திவாரம்.

அவரைத் துரத்திவிட்டார்கள் என்பதும் உண்மையில்லை. தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் வழக்கு நடந்து, மூன்றாவது படம் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. 1994இல் டால்டனே விலகிக்கொண்டார். அடுத்த வருடம் பிராஸ்னன் வந்தார். பின்னர் 2006இல் டேனியல் கிரெய்க் ரத்தமும் கோபமுமாக வந்தபோது உலகமே புதிது என்றது. இந்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு கிரெய்க்கின் முதல் படத்தைப் போடுங்கள், வித்து எங்கே விழுந்தது என்று கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக, இரண்டாவது படத்தை எங்கே நிறுத்துவது என்பது. டேங்கர் லாரிகள் எரிந்து முடிந்து, பெட்ரோலில் நனைந்த வில்லன் சான்செஸ், அந்தப் போதைக் கடத்தல் தலைவன், வெட்டுக்கத்தியை ஓங்கி நிற்கிறான். எதற்காக இதெல்லாம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று பாண்ட் கேட்கிறார். பையிலிருந்து எடுப்பது ஃபெலிக்ஸும் டெல்லாவும் பரிசளித்த சிகரெட் லைட்டர். சான்செஸாக நடித்த ராபர்ட் டாவியின் முகத்தில் அது புரியும் நொடியை விடாதீர்கள். தீ பற்றிய பிறகு டால்டனைப் பாருங்கள். அங்கே வெற்றி பெற்றவனின் முகம் இல்லை. உடம்பெல்லாம் காயம், கண்ணில் அயர்ச்சி. இதற்குப் பிறகு நீச்சல்குளத்தில் ஒரு கொண்டாட்டமும், கண்ணடிக்கும் ஒரு மீன் சிலையும் வரும். நான் அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன்.