கருந்துளை தள்ளும் வாயுவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

4சி 12.50 என்ற கேலக்ஸியின் நடுவிலுள்ள பெருங்கருந்துளை, குளிர்ந்த ஹைட்ரஜனை நொடிக்கு சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் வெளியே தள்ளுகிறது. மையத்திலிருந்து வரும் ரேடியோ அலையை வழியில் இருக்கும் ஹைட்ரஜன் 21 செ.மீ. கோட்டில், அதாவது தனக்கே உரிய அந்த அலைநீளத்தில், உறிஞ்சுகிறது; நிறமாலையில் அங்கே ஒரு பள்ளம் விழுகிறது. நம்மை நோக்கி வரும் வாயு என்றால் அந்தப் பள்ளம் நீலப்பக்கம் (அதிர்வெண் கூடும் பக்கம்) நகர்ந்து தெரியும். சரி, எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எதிலிருந்து? பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

வேகத்தைக் கணக்கிட ரேடியோ வழக்கம் (அதிர்வெண் மாற்றத்தை வைத்து), ஒளியியல் வழக்கம் (அலைநீள மாற்றத்தை வைத்து) என்று இரண்டு உண்டு. இந்தக் கேலக்ஸியின் செம்பெயர்ச்சி, அதாவது அதன் ஒளி அலைகள் நீண்டிருக்கும் விகிதம், 0.12. ஒரே கோட்டுக்கு இரண்டும் தரும் விடைகளில் நொடிக்குக் கிட்டத்தட்ட 4,000 கி.மீ. வித்தியாசம்! தேடுகிற வேகத்தைப் போல நான்கு மடங்கு. ஆகவே பிறர் தந்த வேகத்தை அப்படியே எடுக்காமல் அதிர்வெண்ணிலிருந்து நீங்களே கணக்கிடுங்கள். கேலக்ஸியின் செம்பெயர்ச்சி எந்தக் கோட்டிலிருந்து வந்தது என்றும் பாருங்கள். ஒளிரும் ஆக்சிஜன் கோடு சில சமயம் வெளியேறும் வாயுவிலிருந்தே வரும். அதைப் பூஜ்யமாக வைத்தால் தேடுகிற ஓட்டமே கணக்கில் மறைந்துவிடும். நட்சத்திரங்களின் கோடுகளை நம்புவது நல்லது.

அடுத்தது அடித்தளம், அதாவது பள்ளம் இல்லாவிட்டால் நிறமாலை இருந்திருக்கும் மட்டம். வேகமான வாயு பள்ளத்தின் ஓரத்தில் தரும் சிறகு அகலமானது, ஆழம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இங்கே 1 மெகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு சுமார் 237 கி.மீ. வேகம். 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அதிர்வெண் பட்டையில் பார்த்துவிட்டு, அடித்தளமாக வளைவான கோட்டைப் பொருத்திக் கழித்தால் சிறகும் சேர்ந்து போய்விடும். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியின் 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இத்தகைய சிறகுகள் தெளிவாகத் தெரிந்தன. பட்டை முழுவதும் கருவியின் உணர்திறன் ஒரே சீராக இருக்காது; அந்த வடிவத்தைச் சரிசெய்யப் பிரகாசமான மூலத்தைப் போதிய நேரம் பாருங்கள். அந்த நேரத்தை மிச்சம் பிடிப்பதுபோல நஷ்டம் வேறில்லை. 1227 மெகாஹெர்ட்ஸ் அருகே ஜிபிஎஸ் குறுக்கீடும் வரும்.

அப்புறம் நிறை. பள்ளத்தின் ஆழத்திலிருந்து வாயுவின் நிறையைக் கணக்கிட அதன் வெப்பநிலை தேவை. ஹைட்ரஜனின் வெப்பநிலையை வழக்கப்படி 100 கெல்வின் என்று வைப்பார்கள். கருந்துளைக்கு அருகே அது 1,000 ஆக இருந்தால் நிறை பத்து மடங்காகும். ஒரே எண்ணைத் தராமல் இரண்டு எல்லைகளையும் எழுதுங்கள்.

பள்ளம் தெரியாவிட்டால் ஓட்டமே இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். ரேடியோ மூலத்துக்கு முன்னால் இருக்கும் வாயு மட்டும்தான் உறிஞ்சும். அந்த வாயு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் ஊகிக்காதீர்கள், ஆண்டுக்கு எவ்வளவு நிறை வெளியேறுகிறது என்ற கணக்கு அந்தத் தூரத்தோடு நேராக ஏறும். 4சி 12.50-ல், கண்டங்களுக்கு இடையே தொலைநோக்கிகளை இணைத்து 2013-ல் வெளியான படம், அந்த வாயு, கருந்துளையிலிருந்து பாயும் ரேடியோ தாரையின் முனையில், மையத்திலிருந்து சுமார் 100 பார்செக் (ஏறக்குறைய 326 ஒளியாண்டு) தொலைவில் இருப்பதைக் காட்டியது.