இசைந்தே பல உறவு கொண்டவர்களை எடைபோடுவது எப்படி?

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வசிக்கும் உங்கள் சித்தியின் மகள், தானும் கணவனும் ஒருவருக்கொருவர் ஒளிக்காமல், இருவரும் உடன்பட்டே வேறு துணைகளையும் கொண்டிருப்பதாக ஒரு மாலையில் உங்களிடம் சொல்லிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில், வாயில் வரும் சொல்லை அடக்குங்கள். ‘கள்ளத்தொடர்பு’, ‘சின்னவீடு’ என நம்மிடம் உள்ள சொற்கள் பெரும்பாலும் ஒளிப்பையே குறிப்பதால், ஒளிக்காத ஒன்றுக்கு அவற்றைச் சூட்டும்போது விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

அடுத்து, அருவருப்பை அறத்திலிருந்து பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் தெரி கொன்லியும் உடன் ஆய்வாளர்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், நாயை ஒழுங்காக நடத்திச் செல்வது, பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்வது போன்ற, உறவோடு தொடர்பே இல்லாத விடயங்களிலும் ஒரே துணையோடு வாழ்பவர்களையே மக்கள் உயர்வாக மதிப்பிட்டார்கள். பல்லுக்கும் படுக்கைக்கும் என்ன சம்பந்தம்?

உண்மையில் ஆராய வேண்டியது இசைவைத்தான். கணவனின் சம்பளத்தையே நம்பி, தாய்வீட்டுக்குத் திரும்பவும் வழியற்ற ஒரு மனைவி தலையசைப்பதை நான் இசைவாகக் கொள்ள மாட்டேன். ‘வேண்டாம்’ என்று அவள் நாளைக்குச் சொன்னால் அந்தச் சொல் வீட்டில் எடுபடுமா, மூன்றாவதாக வந்தவருக்கு முழு விபரமும் தெரியுமா என்பவற்றைத் தனிமையில், ஒரு தடவை மட்டும் கேளுங்கள். பொலிஸ் விசாரணைபோல நீட்ட வேண்டாம்.

சட்டத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இலங்கையில் பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவர், துணை உயிரோடு இருக்க மறுமணம் செய்வது தண்டனைச் சட்டக்கோவைப்படி ஏழு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். திருமணத்துக்கு வெளியேயான உறவு விவாகரத்துக்குக் காரணமாகலாம். ஆனால் அது குற்றமல்ல.

‘இது எங்கள் பண்பாட்டில் இல்லை’ என்ற வாதத்தைச் சற்று நிதானமாகவே எடுங்கள். சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் கண்டியச் சிங்களவரிடையே இருந்தது. அதை 1859 இல் பிரித்தானியர் சட்டத்தால் தடுத்தனர். நமது மருதத்திணைப் பாடல்களிலோ தலைவன் பரத்தையிடம் சென்று திரும்புவதும் தலைவி ஊடுவதும் பெருஞ்செய்தி. அங்கே தலைவியின் இசைவை எவரும் கேட்கவில்லை. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற விதியை நாம் பெரும்பாலும் ஒருத்தியிடமே கறாராக வசூலித்திருக்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு இது ஒப்பவில்லையென்றால், அதை அவளிடமே மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் அவள் நம்பிச் சொன்னதை வேறெவரிடமும் கொண்டுபோகாதீர்கள். கொழும்பில் தமிழர் வட்டம் சிறியது, வேலையும் வாடகை வீடும் அறிமுகத்தில்தான் கிடைக்கின்றன. கல்யாண மண்டபத்தில் பெரியம்மா கதையைக் கிளறினால், “அவர்கள் சுகமாக இருக்கிறார்கள், பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, அவரைப் பந்திக்கு அழைத்துச் செல்லுங்கள்.