சமையல் கத்திக்கு வீட்டிலேயே சாணை: கையால் சுற்றும் கல் போதும்

எங்கள் வீட்டுக் கறிக்கத்தி அப்பா திருப்பாச்சேத்தியில் சொல்லி அடித்து வாங்கியது. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில் இருக்கும் அந்த ஊர் அரிவாளுக்குப் பேர் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த கத்தி, இருபது வருஷம் உழைத்தது. அதன் நுனியை நான் பத்தே நொடியில் கெடுத்தேன். தெரிந்தவர் பட்டறையில் மோட்டார் கிரைண்டர் இருந்தது, கொண்டுபோய் வைத்தேன். பொறி பறந்தது, பார்க்க நன்றாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் நுனியில் ஒரு விரற்கடை அளவுக்கு மயில்கழுத்து நீலம். அந்த இடம் இன்றுவரை கூர் நிற்பதில்லை. காலையில் தீட்டினால் மதியத்துக்குள் மழுங்கிவிடும்.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. கொல்லர் இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடு காட்டிப் பதம் ஏற்றுகிறார். அந்தப் பதம்தான் கூரைத் தாங்குகிறது. தீட்டும்போது விளிம்பு சுமார் 220 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வைக்கோல் நிறம் ஏறும். 300-ஐ நெருங்கினால் நீலம். நீலம் வந்தால் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் போட்டாலும் திரும்ப வராது. அந்த அளவு இரும்பைத் தேய்த்துக் கழிப்பது ஒன்றே வழி.

6 அங்குலக் கல் போட்ட மோட்டார் கிரைண்டர் நிமிஷத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். அப்படியானால் கல்லின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தாள் போல மெலிந்த கத்தி வாய், அதாவது வெட்டும் விளிம்பு, அந்த வேகத்தில் சூடாக இரண்டு நொடி போதும். தெருவில் "சாணை... கத்தி சாணை" என்று வருகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மிதித்துத்தான் கல்லை ஓட்டுவார். வேகம் அவர் காலில் இருக்கிறது. அதனால்தான் அவர் பிடித்துக் கொடுத்த கத்தி கறுப்பதில்லை.

அதே வேகத்தை வீட்டில் தருவது கையால் சுற்றும் சாணை. மேஜை விளிம்பில் முடுக்கி வைக்கிற சின்ன இயந்திரம், ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். என்னிடம் இருப்பது 5 அங்குலக் கல். சாக்பீஸால் கல்லில் கோடு போட்டு எண்ணினேன்: கைப்பிடி ஒரு சுற்று, கல் பத்துச் சுற்று. நொடிக்கு ஒரு முறை நிதானமாகச் சுற்றினால் கல்லின் விளிம்பு மணிக்கு 14 கிலோமீட்டர் ஓடும். சைக்கிள் மிதிக்கிற வேகம்தான். முதன்முதலாகச் சாணை பிடிக்கப் போகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

கல் வாங்குவது

இயந்திரத்தோடு வரும் சாம்பல் நிறக் கல் பெரும்பாலும் கொரகொரப்பானது, மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் சரி. சமையல் கத்திக்கு வெள்ளை நிற அலுமினியம் ஆக்சைடு கல், 80-ஆம் நம்பர் கேளுங்கள். நம்பர் ஏற ஏறக் கல் நைஸாகும். நடுத்துளை உங்கள் இயந்திரத்தின் தண்டுக்குச் சரியாக இருக்க வேண்டும். கல்லின் மேல் ஒட்டிய வட்டத் தாளில் அது தாங்கும் அதிகபட்சச் சுற்றும் அச்சாகியிருக்கும்.

காசு கொடுக்கும் முன் கல்லைத் தட்டிப் பாருங்கள். மானாமதுரைப் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே பரீட்சைதான். துளையில் ஒரு விரலை விட்டுக் கல்லைத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் ஓரத்தில் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அந்தக் கல் வேண்டாம்.

மாட்டும்போது கல்லின் இரண்டு பக்கமும் அட்டை வாஷர் இருக்கட்டும். நட்டை அளவாக முடுக்கினால் போதும், பலத்தைக் காட்டினால் கல் வெடிக்கும். கல்லைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்தக் கல்லுக்கு அது ஆகாது. ஒரு பக்கம் நீர் இறங்கிக் கனம் மாறி, ஓடும்போது அடிக்கும். நனைய வேண்டியது கத்தி.

இடமும் உடுப்பும்

அடுப்படியில் செய்யாதீர்கள். பொறி குறைவுதான், ஆனாலும் பறக்கும். சிலிண்டர் பக்கத்தில் அது வேண்டாம். கல்தூளும் சாப்பாட்டில் விழக் கூடாது. மொட்டைமாடி, வராந்தா எதுவானாலும் சரி. ஆடாத மேஜையின் மூலையில் முடுக்குங்கள். மூலையில் இருந்தால் இரண்டு பக்கமும் நிற்கலாம், அது எதற்கு என்று கீழே வருகிறது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். முந்தானையைச் சொருகுங்கள், துண்டைக் கழற்றி வையுங்கள், முடியை அள்ளி முடியுங்கள். துணிக் கையுறை கல்லில் மாட்டும், எனவே வெறுங்கைதான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் சுற்ற, ஒருவர் பிடிக்க. எங்கள் வீட்டில் தம்பி சுற்றுவான். ஒரு கையால் சுற்றி மறு கையால் பிடிப்பதைப் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் நிற்பது

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கல்லின் மேல்பக்கம் உங்களை விட்டு விலகி ஓட வேண்டும். கத்தியின் முதுகு உங்கள் பக்கம், வாய் எதிர்ப்பக்கம். கல் ஓடும் திசையிலேயே வாய் பார்த்திருந்தால் கல் கத்தியைக் கொத்தாது. மாற்றிப் பிடித்தால் வாய் கல்லில் குத்திக் கத்தி எகிறும். கல் உங்களை நோக்கி ஓடுகிறதா? கைப்பிடியைத் திருப்பிச் சுற்றச் சொல்லாதீர்கள், பல இயந்திரங்களில் நட்டு தளரும். நீங்கள் மறுபக்கம் போய் நில்லுங்கள். எதிரே யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் முக்கியமாக.

சாய்வு

பழகாதவர்கள் தடுமாறுவது இங்கேதான். வாய் எவ்வளவு சாய்வில் கல்லில் படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்கறிக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு சுமார் 20 டிகிரி. எலும்போடு கறி வெட்டுகிற கத்திக்கு 25 வரை போகலாம், வாய் தடித்திருந்தால்தான் பல் விழாது. அளக்க ஒரு தாளின் மூலை போதும். மூலை 90 டிகிரி, ஒரு முறை மடித்தால் 45, மறுபடி மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பைக் கத்திக்கும் கல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

அதைவிட நம்பகமானது மார்க்கர் பேனா. வாயின் சரிவு முழுக்கக் கறுப்பு மை பூசி, கல்லில் ஒரே ஒரு முறை மெல்ல இழுத்துப் பாருங்கள். வாயின் ஓரத்தில் மட்டும் மை போயிருந்தால் முதுகை அதிகமாகத் தூக்கியிருக்கிறீர்கள். மேலே மை போய் ஓரத்தில் அப்படியே இருந்தால் கத்தி படுத்துவிட்டது. சரிவு முழுவதும் மை போனால் அதுதான் உங்கள் சாய்வு. முதல் சில கத்திகளுக்கு இந்த மையை விடாதீர்கள். நான் இப்போதும் பூசுகிறேன்.

பிடிப்பது

வலது கையில் பிடி. இடது கை விரல்கள் கத்தியின் முதுகை ஒட்டி, வாயிலிருந்து தள்ளி. தம்பி சுற்றத் தொடங்கி வேகம் சீரான பிறகு, பிடிப்பக்கத்து அடியைக் கல்லில் வைத்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள். அழுத்தம் வேண்டாம், கத்தியின் கனமே போதும். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் நின்ற இடத்தில் பள்ளம் விழும். நுனி வளையும் இடத்தில் பிடியைச் சற்றே உயர்த்துங்கள், நுனி கல்லைத் தாண்டும் முன் தூக்கிவிடுங்கள். நுனிதான் முதலில் சூடாகும், முதலில் மழுங்கி உருண்டுபோவதும் அதுதான்.

ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் துடையுங்கள். வாயை ஒட்டிய பக்கத்தில் விரலை வைத்தால் வெதுவெதுப்புக்கு மேல் தெரியவே கூடாது.

நான்கைந்து இழுப்புக்குப் பிறகு பிசிறு பாருங்கள். தேய்ந்த இரும்பு மெல்லிய ரோமம் போல மறுபக்கம் மடிந்து நிற்கும். விரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே தள்ளுங்கள், வாயோடு நீளவாக்கில் ஓட்டாதீர்கள். சொரசொரவென்று தட்டினால் பிசிறு. அடியிலிருந்து நுனி வரை தட்ட வேண்டும். விட்டுப்போன இடத்தில் மட்டும் இன்னொரு இழுப்பு. பிறகு பிடியை இடது கைக்கு மாற்றி, மறுபக்கத்தையும் அதே எண்ணிக்கையில் செய்யுங்கள்.

தீட்டுவது

சாணை பிடிப்பது வேறு, தீட்டுவது வேறு. கல் வாய்க்கு வடிவம் கொடுக்கிறது, கூர் வருவது தீட்டும்போது. அந்தக் காலத்தில் அரிவாளுக்குத் தீட்டுக்கட்டையும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொடியும் வைத்திருந்தார்கள். இன்றைக்கு இருபக்கக் கார்போரண்டம் கல் போதும். நைஸ் பக்கத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அதே சாய்வில், வாய் முன்னே போக, கல்லை மெலிதாகச் சீவுவது போலத் தள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்று என மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து. பிசிறு மெலிந்து போய்விடும். மிச்சத்தைப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், இந்த முறை முதுகு முன்னே போகும்படி இழுத்து எடுங்கள். சவரக்கடையில் வாரில் தீட்டுவார்களே, அப்படி.

விரலில் கூர் பார்க்காதீர்கள். நன்கு பழுத்த நாட்டுத் தக்காளியின் தோலில் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். இறங்கினால் சரி. வழுக்கினால் பிசிறு இன்னும் இருக்கிறது, மறுபடி நைஸ் கல்லுக்குப் போங்கள், சாணைக்கு வேண்டாம்.

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே கத்தி அடுப்படிக்குள் போகட்டும். இரும்புக் கத்தியானால் ஒரு சொட்டு நல்லெண்ணெய். அப்புறம் கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து வெட்டினால் இத்தனையும் வீண். வேப்பம்பலகையோ புளியம்பலகையோ வையுங்கள். வாரம் ஒரு முறை நைஸ் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் சாணைக்கு வருஷத்தில் இரண்டு முறை வந்தால் போதும். நாங்கள் சித்திரைத் திருவிழாவுக்கு ஊர்ச்சனம் வருமுன் ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முன்தினம் ஒரு முறை.

பல் வைத்த ரொட்டிக் கத்தியும் பீங்கான் கத்தியும் இந்தக் கல்லுக்கு வேண்டாம். அருவாமனையும்தான். பலகையோடு அதைக் கல்லில் சாய்வு மாறாமல் பிடிக்க எனக்கு இன்னும் வரவில்லை. அதை மட்டும் எடுத்து வைத்திருந்து, தெருவில் குரல் கேட்டதும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம்.