ஸ்காட்ச் அளவுகோலால் அமெரிக்க மால்ட்டை அளக்காதீர்கள்

சிங்கிள் மால்ட் விஸ்கி என்றாலே ஸ்காட்லாந்துதான் என்று பழகியவர், அமெரிக்க சிங்கிள் மால்ட்டுகளான சியாட்டிலின் வெஸ்ட்லேண்டையோ டென்வரின் ஸ்ட்ரானஹான்ஸையோ முதல்முறை ஊற்றிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, போர்பன் மாதிரி இனிக்குது" என்று உதட்டைப் பிதுக்குவார். சோளத்தை முதன்மையாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கியான போர்பனின் பிரியரோ, "சோளத்தோட அந்தக் கனமே இல்லையே" என்பார். இருவர் செய்வதும் ஒரே தவறுதான். நாக்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறது. கிளாஸில் இருப்பதை அது விசாரிக்கவே இல்லை.

லேபிளைப் படிக்காமல் மூடியைத் திருகுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. 'மால்ட் விஸ்கி' வேறு, 'சிங்கிள் மால்ட்' வேறு. அமெரிக்க விதிப்படி வெறும் மால்ட் விஸ்கிக்கு, தானியத்தில் 51 சதவீதம் முளைகட்டிய பார்லி இருந்தால் போதும். ஆனால் உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் அதை வைத்திருக்க வேண்டும். அமெரிக்கன் சிங்கிள் மால்ட்டுக்கோ நெடுங்காலம் தனி வரையறையே கிடையாது. 2016-இல் ஒன்பது டிஸ்டிலரிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து கேட்கத் தொடங்கின. 2025 ஜனவரி 19 அன்று விதி அமலுக்கு வந்தது. நூறு சதவீதமும் முளைகட்டிய பார்லி, ஒரே டிஸ்டிலரியில் வடித்தது, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாய், பாட்டிலில் குறைந்தது 40 சதவீத ஆல்கஹால் என்று அது வரையறுக்கிறது. 'சிங்கிள்' என்பது ஒற்றை டிஸ்டிலரியைக் குறிக்கிறது, ஒற்றைப் பீப்பாயை அல்ல. பழைய லேபிள்களுக்கு 2030 ஜனவரி வரை அவகாசம் உண்டு என்பதால், கடை அலமாரியில் இரண்டு வகையும் சில காலம் கலந்தே இருக்கும்.

அந்த விதியில் ருசிக்கு முக்கியமான இடம், பீப்பாய் புதிதாகவும் இருக்கலாம், ஏற்கெனவே பயன்பட்டதாகவும் இருக்கலாம் என்பது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் போர்பனோ ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினோ இருந்த பழைய பீப்பாய்களை நம்பியிருக்கிறார்கள். ஸ்ட்ரானஹான்ஸ் தன் அடிப்படை விஸ்கியைக் கருக்கிய புது ஓக்கில் வைக்கிறது. அதிலிருந்து வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும் தூக்கலாக வருவது இயல்பு. 'போர்பன் மாதிரி' என்று தோன்றுவது இதனால்தான். வர்ஜீனியா டிஸ்டிலரி கம்பெனியின் 'கரேஜ் அண்ட் கன்விக்‌ஷன்' போர்பன், ஷெர்ரி, ஒயின் பீப்பாய்களில் வளர்கிறது. ஸ்காட்ச் பழகிய நாக்குக்கு அது உடனே பிடிபடும். இந்த வகைக்குள் நுழைய விரும்பும் ஸ்காட்ச் பிரியருக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

எல்லா ருசியையும் பீப்பாய்க் கணக்கில் எழுதுவது இன்னொரு பிழை. வெஸ்ட்லேண்ட் முன்பு விற்ற அமெரிக்கன் ஓக் விஸ்கியில் காபி, கோகோ சாயல் தெரிந்ததும், "ஷெர்ரி பீப்பாய்" என்று அடித்துச் சொன்னவர்கள் உண்டு. அது தானியத்தின் வேலை. பீர் காய்ச்சுவோர் பயன்படுத்தும் வறுத்த மால்ட் உட்பட ஐந்து வகை மால்ட்டுகளை அதில் கலந்தார்கள். நொதிக்கவைத்ததும் பெல்ஜிய பீர் ஈஸ்ட்தான். போர்ட்லாந்தின் வெஸ்ட்வார்டும் 'ஏல்' வகை பீரின் ஈஸ்ட்டையே நம்புகிறது.

புகையிலும் இதே சிக்கல். புகை என்றதும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் மால்ட்டை உலர்த்த எரிக்கும் பீட் என்ற மட்கிய தாவர மண்ணையும், அது தரும் அயோடின் மருந்து வாடையையும் தேடுகிறோம். அமெரிக்காவிலும் பீட் உண்டு: ஓரிகானின் மெக்கார்த்திஸ், ஸ்காட்லாந்திலிருந்து பீட் மால்ட்டை வரவழைத்துத்தான் புகழ்பெற்றது. ஆனால் அரிசோனாவின் டூசானில் மேஜை நாற்காலி செய்துகொண்டிருந்த ஸ்டீபன் பால், மிஞ்சிய மெஸ்கீட் மரத்துண்டுகளின் புகையில் பார்லியை உலர்த்திப் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் விஸ்கி டெல் பாக்கின் 'டொராடோ'. மெஸ்கீட் வேறு யாருமல்ல, நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய பங்காளி. இராமநாதபுரம் பக்கம் கரிமூட்டப் புகையைக் கடந்து போனவர்களுக்கு, கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் ஏதோ தெரிந்த வாடை தட்டுப்பட்டால் வியப்பில்லை. அங்கே மருந்து வாடையைத் தேடி ஏமாறுவது விஸ்கியின் குற்றமாகாது.

வயதை வைத்து விலைபேசுவதும் வேண்டாம். டெக்சாஸின் வேகோவில் உள்ள பால்கோன்ஸ் போன்ற இடங்களில் வெயில் கொளுத்துகிறது; பீப்பாயிலிருந்து ஆவியாகும் அளவும், மரத்திலிருந்து இறங்கும் சாரமும் அதிகம். அங்கே பன்னிரண்டு ஆண்டு வைத்திருந்தால் மரச்சக்கையைக் கடித்ததுபோல் ஆகிவிடலாம். பெங்களூரு அம்ருத் குடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடர்ந்த நிறமும் வயதுக்குச் சாட்சியல்ல. லேபிளில் குறிப்பிட்டுவிட்டு கேரமல் நிறம் சேர்க்க விதியே இடம் தருகிறது.

குடிக்கும் முறைக்கு வருவோம். அகலமான டம்ளரில் ஐஸை நிரப்பி ஊற்றினால் மணம் அடங்கிவிடும். சோடா கலந்த ஹைபால் வேண்டுமென்றால் தாராளமாகக் குடியுங்கள், அது வேறு இன்பம். ருசி பார்க்க மட்டும் வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ், முப்பது மில்லி, அறை வெப்பம் போதும். ஒயின் போலச் சுழற்றிவிட்டு மூக்கை உள்ளே விடாதீர்கள். ஆல்கஹால் நெடி சுள்ளென்று ஏறி, அடுத்த சில நிமிடம் எதுவும் தெரியாது. வாயை லேசாகத் திறந்துகொண்டு, விளிம்புக்குச் சற்று மேலே பிடித்து முகருங்கள்.

தண்ணீர் கலப்பது பாவம் என்ற வீம்பும் தேவையற்றது. ஸ்வீடனின் கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017-இல் கணினி மாதிரியில் காட்டியபடி, புகைச் சாயல் தரும் குவாயகால், ஆல்கஹால் 45 சதவீதம் வரை உள்ள கலவையில் மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. 59-ஐத் தாண்டினால் ஆல்கஹால் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே நீர் கலந்து இறக்காமல் பீப்பாய் வீரியத்திலேயே பாட்டிலில் அடைத்த விஸ்கிக்குச் சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். 40 சதவீதப் பாட்டிலில் அதே வேலையைச் செய்தால் வெறும் தண்ணிதான் மிஞ்சும்.

சிக்கன் 65-ஐயும் மிக்சரையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வகை வரிசையாக இருந்தால் டொராடோ போன்ற புகை விஸ்கி கடைசியில்தான். முன்னால் குடித்தால் அடுத்து வரும் எல்லாமே கரிமூட்டமாக மணக்கும்.